திறந்த நூலகமும் தனித் திறப்பும்

இணையத்தைப் பயன்படுத்துவோர் நெடுங்காலமாக ஒரு சிறிய பூட்டினைக் கண்டு பழகியிருந்தனர். உலாவியின் முகவரிப் பட்டியோரத்தே அது தோன்றினால், அனுப்பப்படும் செய்தி மறைகுறியாக்கம் பெற்றுச் செல்கின்றது என்பது பொருள். அதற்கு மேல் அப்பூட்டுக்கு வேறு பொருள் இல்லை. ஆயினும் பெரும்பாலானோர் அதனை அத்தளத்தின் நேர்மைக்கு வழங்கப்பட்ட முத்திரையாகவே கொண்டனர். பொய்த்தளம் அமைத்துப் பணம் பறிப்பவனும் அதே பூட்டினை எளிதிற் பெற்றுக்கொள்ளலாம் என்பதை அவர்கள் அறிந்திலர். இத்தவறான விளக்கம் காரணமாகவே கூகிள் நிறுவனத்தின் குரோம் உலாவி 2023ஆம் ஆண்டு அப்பூட்டுச் சின்னத்தைக் கைவிட்டு வேறோர் அடையாளத்தை அவ்விடத்தில் வைத்தது. பூட்டின் படம் மறைந்ததேயன்றிப் பூட்டும் வேலை மறையவில்லை. அவ்வேலையைச் செய்யும் கருவிகளுள் உலகில் மிகப் பரவலாக வழங்குவனவற்றில் ஒன்று ஓப்பின் எஸ்.எஸ்.எல். எனப்படும் திறந்த மூல நூலகமாகும்.

நூலகம் என்ற சொல் ஈண்டுச் சற்று விளக்கத்தை வேண்டி நிற்கின்றது. கணனித் துறையில் நூலகம் என்பது தானே ஓடும் செய்நிரலன்று. பிற செய்நிரல்கள் வேண்டும்போது அழைத்துப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுதியே அது. வங்கியொன்றின் செய்நிரலை எழுதுபவர் மறைகுறியீட்டுக் கணிதத்தைத் தாமே எழுதவேண்டியதில்லை, எழுதவும் கூடாது. இத்துறையில் தாமே எழுதுவோர் பெரும்பாலும் பிழையாகவே எழுதுவர் என்பது அனுபவம் காட்டும் உண்மை. ஆகவே எழுதிச் சோதிக்கப்பட்டதொன்றை இரவல் பெறுகின்றனர். இரவல் பெற்ற நூலைத் திறந்து பார்க்காமலே திருப்பிக் கொடுப்போர் பல்கலைக்கழக நூலகங்களில் இல்லாமலில்லை. இந்த நூலகத்தின் வாசகர்களும் அத்தகையோரே என்பது 2014ஆம் ஆண்டு உலகுக்குத் தெரியவந்தது. அதனைப் பின்னர் நோக்கலாம்.

இந்நூலகத்தின் பிறப்பிடம் அமெரிக்கா அன்று. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிறிஸ்பேன். இது தற்செயலான செய்தியன்று. பனிப்போர்க் காலத்தின் எச்சமாக, வலிமைமிக்க மறைகுறியீட்டு நிரல்களை அமெரிக்கச் சட்டம் போர்த்தளபாடங்களின் பட்டியலிற் சேர்த்திருந்தது. பீரங்கிக்கு எவ்வாறு ஏற்றுமதி அனுமதி வேண்டுமோ அவ்வாறே கணிதச் சூத்திரத்தைக் கணனிமொழியில் எழுதிய கோப்புக்கும் அனுமதி வேண்டியிருந்தது. நெற்ஸ்கேப் நிறுவனம் 1995ஆம் ஆண்டு தனது எஸ்.எஸ்.எல். நெறிமுறையுடன் கூடிய உலாவியை வெளியிட்டபோது உள்நாட்டுக்கு 128 பிற்றுத் திறப்பும் வெளிநாட்டுக்கு 40 பிற்றுத் திறப்பும் வழங்கிற்று. வெளிநாட்டாருக்கு வழங்கப்பட்டது எத்தகைய பூட்டு என்பது அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலேயே வெளிப்பட்டது. பிரான்சிலே டமியன் டொலிஜே என்னும் ஆய்வாளர், தமது நிறுவனத்திலும் அயலிலும் ஓய்ந்திருந்த கணனிகளை ஒன்றுசேர்த்து, அத்தகைய செய்தியொன்றை எட்டு நாட்களில் உடைத்துக் காட்டினார்.

நெறிமுறை எழுத்தில் வெளியிடப்பட்டிருந்தது. தடைசெய்யப்பட்டது அதன் நிரல் மட்டுமே. எனவே சட்டத்தின் எல்லைக்கு அப்பாலிருப்பவர் எவரும் நெறிமுறையைப் படித்துத் தாமே எழுதிக்கொள்ளலாம். எரிக் யங் அதனையே செய்தார். இது அவருக்குப் புதிய முயற்சியுமன்று. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஆக்கப்பட்ட கேர்பரோஸ் என்னும் அடையாளச் சோதனை முறைமை, மறைகுறியீட்டுப் பகுதிகள் யாவும் நீக்கப்பட்டு வெறும் எலும்புக்கூடாக ஏற்றுமதி செய்யப்பட்டபோது, அவ்வெலும்புக்கூட்டுக்கு மீண்டும் தசை சேர்த்தவரும் அவரே. 1995ஆம் ஆண்டு தொடங்கிய அவரது புதிய நூலகம் எஸ்.எஸ்.எல்.ஈ.ஏ.வை. எனப் பெயர் பெற்றது. இறுதி மூன்று எழுத்துக்களும் அவர் பெயரின் முதலெழுத்துக்கள். அவருடன் இணைந்த ரிம் ஹட்சன், ஏற்கெனவே வழக்கிலிருந்த செய்நிரல்களுக்குள் அந்நூலகத்தைப் பொருத்தும் பணியைச் செய்தார். நூலகத்தை எழுதுவது ஒரு வேலை. அதனை உலகம் பயன்படுத்தும்படி செய்வது வேறொரு வேலை. இரண்டாவதன் பெருமை பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

மூலநிரலுடனேயே அவர்கள் அதனை இலவசமாக வழங்கினர். வணிக நிறுவனங்களும் பயன்படுத்தலாம். ஆக்கியோரின் பெயரைக் குறிப்பிட்டாற் போதும் என்பதே முக்கிய நிபந்தனை. 1998ஆம் ஆண்டளவில் இருவரும் வணிக நிறுவனமொன்றின் பணியிற் சேர, நூலகத்தின் வளர்ச்சி நின்றது. ஆயின் மூலநிரல் எவர் கையிலும் இருந்தமையால் ஆக்கியோர் விலகியதோடு ஆக்கம் மறையவில்லை. மார்க் கொக்ஸ், றல்ஃப் ஏங்கெல்ஷால், ஸ்ரீபன் ஹென்சன், பென் லோறி, போல் சற்றன் ஆகியோர் அதனைத் தொடர முன்வந்தனர். 1998 டிசெம்பர் 23ஆந் திகதி 0.9.1சீ என்ற இலக்கத்துடன் ஓப்பின் எஸ்.எஸ்.எல். வெளிவந்தது. 1.0.0 என்ற இலக்கத்தை அது எட்டியது 2010 மார்ச்சிலேதான். பதினொரு ஆண்டுகளுக்கு மேலாக, தாம் ஒன்றாம் பதிப்பையே இன்னும் முடிக்கவில்லை என்று அதன் ஆக்குநர்கள் கூறிக்கொண்டிருக்க, உலகின் வணிகம் அதன்மீது ஏறி அமர்ந்துகொண்டது.

நூலகத்தை மூலநிரலிலிருந்து கட்டியெழுப்புவது கடினமான காரியம் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் தேவையற்றது. பேர்ள் மொழியில் எழுதப்பட்ட அமைவுச் செய்நிரலொன்று முதலில் ஓடி, அது எந்த வகைக் கணனி, எந்தத் தொகுப்பான், எவ்வெப் பகுதிகள் வேண்டும், எவை வேண்டா என்பவற்றைத் தீர்மானிக்கும். பின்னர் ‘மேக்’ என்ற கட்டளை ஆயிரக்கணக்கான கோப்புக்களைத் தொகுக்கும். அதன் பின்னர் சோதனை. அதன் பின்னரே நிறுவுதல். சோதனையைத் தவிர்த்து நேரே நிறுவுதலுக்குத் தாவும் பழக்கம் அவசரக்காரரிடம் உண்டு. மறைகுறியீட்டு நூலகத்தைப் பொறுத்தவரை இது வருந்தத்தக்க பழக்கம். ஏனைய செய்நிரல்களிற் பிழையிருந்தால் விடை பிழையாக வரும். அல்லது செய்நிரல் நின்றுவிடும். இங்கோ பிழையுள்ள நூலகமும் சரியாக இயங்குவதுபோலவே தோன்றும். செய்தி போகும், வரும். பூட்டு பூட்டியிருக்கவில்லை என்பது மட்டும் தெரியாது.

கட்டுமானத்தின் உட்புறத்தைப் பார்ப்பவர் இன்னொரு செய்தியையும் காண்பர். பெருக்கல், கூட்டல் போன்ற அடிப்படைக் கணிப்புக்கள் விரைவாக நிகழவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கணனி வகையின் பொறிமொழிக்கும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. அவையும் நேரே எழுதப்படாமல், பேர்ள் செய்நிரல்கள் எழுதித் தரும் வகையில் அமைந்துள்ளன. நிரலை எழுதும் நிரல்! இதனைப் படித்து விளங்கிக்கொள்ளக்கூடியோர் உலகில் மிகச் சிலரே. திறந்து வைத்திருப்பதும் விளங்கும்படி இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

நூலகத்துடன் சேர்ந்தே சான்றிதழ்க் கருவிகளும் வருகின்றன. இவற்றின் பயனை அறிவதற்குப் பொதுத் திறப்பு முறை பற்றிச் சிறிது கூறவேண்டும். பண்டைக் காலம் முதல் மறைமொழி வழங்கியோர் யாவரும் ஒரே திறப்பினாற் பூட்டி அதே திறப்பினால் திறந்தனர். திறப்பை மற்றவரிடம் எவ்வாறு பாதுகாப்பாகச் சேர்ப்பது என்பதே தீராத சிக்கலாக இருந்தது. 1976ஆம் ஆண்டு டிஃபியும் ஹெல்மனும் இச்சிக்கலுக்குப் பகிரங்கமாக வழி கூறினர். அடுத்த ஆண்டு றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர், முதன்மை எண்களை அடிப்படையாகக் கொண்ட முறையைக் கண்டனர். பிரித்தானிய அரசின் இரகசியத் தொடர்பு நிலையத்திற் பணியாற்றிய கிளிபர்ட் கொக்ஸ் 1973ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டிருந்தார் என்பது 1997இலேயே வெளியிடப்பட்டது. இம்முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு திறப்புக்கள். ஒன்று ஊரறியக் கொடுப்பது. மற்றையது ஒருவருக்கும் காட்டாது வைத்திருப்பது. முன்னதாற் பூட்டியதைப் பின்னதால் மட்டுமே திறக்கலாம்.

தனித் திறப்பை ஆக்குமாறு ஓப்பின் எஸ்.எஸ்.எல். கருவிக்குக் கட்டளையிட்டால் அது எழுமாற்றாக எண்களைத் தெரிந்தெடுத்து அவை முதன்மை எண்கள்தாமா எனச் சோதிக்கும். அவ்வேளையில் திரையிலே புள்ளிகளும் கூட்டற் குறிகளும் வரிசையாகத் தோன்றுவதுண்டு. ஆரம்பச் சல்லடையில் தேறிய எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மில்லர், றபின் ஆகியோரின் சோதனையில் ஒரு சுற்றுத் தேறினால் ஒரு கூட்டற் குறி. நெல்லைப் புடைப்பதுபோலப் பதர் போகப்போக இரண்டு பேரெண்கள் எஞ்சும். 2048 பிற்றுத் திறப்பெனில் அவற்றின் பெருக்கம் 617 இலக்கங்களைக் கொண்டது. அப்பெருக்கத்தை மீண்டும் காரணிப்படுத்துவதற்கு இன்றுள்ள கணனிகளால் இயலாது என்பதிலேயே முழு மாளிகையும் நிற்கின்றது.

திறப்பை ஆக்கிய பின் சான்றிதழ் கோரும் விண்ணப்பம். கருவி வினாக்களைத் தொடுக்கும். நாடு எது? மாநிலம் எது? ஊர், நிறுவனம், பகுதி, பொதுப்பெயர் என்ன? ஒவ்வொரு வினாவின் அருகிலும் சதுர அடைப்புக்குள் ஓர் இயல்பு விடை காத்திருக்கும். நாட்டுக்கு அவுஸ்திரேலியாவின் ஈரெழுத்துக் குறியீடு. மாநிலத்துக்கு ‘ஏதோவொரு மாநிலம்’ என்ற பொருளுடைய தொடர். நிறுவனத்துக்கு ‘இன்ரநெற் விட்ஜிற்ஸ்’ என்னும் கற்பனைக் கம்பனியின் பெயர், அதுவும் அவுஸ்திரேலியக் கம்பனிச் சட்டத்துக்கேற்ற ஈற்றுடன். பிறிஸ்பேனில் இருந்து எழுதியவர் விட்டுச்சென்ற சுவடு அது. நூலகத்தின் பெயர் மாறியும், ஆக்குநர் பலர் மாறியும், அச்சுவடு மாறவில்லை. சோதனைக்காகச் சான்றிதழ் ஆக்குவோர் பொறுமையின்றி ‘என்ரர்’ விசையை அழுத்திக்கொண்டே செல்வர். இதன் விளைவாக, அக்கண்டத்தை ஒருபோதும் கண்டிராத எத்தனையோ இயந்திரங்கள் தம்மை அவுஸ்திரேலியப் பிரசைகளாகப் பிரகடனஞ் செய்துகொண்டிருக்கின்றன. சான்றிதழ் என்பது உண்மையைச் சொல்வதன்று, சொல்லப்பட்டதைச் சொல்வது என்பதை இவ்வேடிக்கை நன்கு உணர்த்தும்.

வினாக்களின் அமைப்பும் பழைய வரலாறொன்றைச் சுட்டுவது. எக்ஸ் 509 என்னும் சான்றிதழ் நியமம் 1988ஆம் ஆண்டுக்குரியது. உலகிலுள்ள ஆட்களையும் நிறுவனங்களையும் நாடுவாரியாக நிரற்படுத்தும் மாபெரும் விவரக்கொத்தொன்றைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு நிபுணர்கள் கனவு கண்டனர். அதன் ஓர் உறுப்பாகவே இந்நியமம் வகுக்கப்பட்டது. விவரக்கொத்து கைகூடவில்லை; சான்றிதழ் பிழைத்துக்கொண்டது. அதனை எழுத்துக்களாக மாற்றிச் சேமிக்கும் பெம் என்ற கோப்பு வடிவமும் அவ்வாறே. பாதுகாப்பான மின்னஞ்சலுக்காக 1993இல் வகுக்கப்பட்ட திட்டம் வழக்கொழிய, அதன் கோப்பு வடிவம் மாத்திரம் எஞ்சியது. பாழடைந்த கோயிலின் கற்களால் வீடு கட்டுவது போன்ற காரியம் இது. பொதுப்பெயர் என்ற கட்டத்திலே தளத்தின் பெயரை எழுதும் வழக்கத்தைக்கூட உலாவிகள் பின்னர் ஏற்க மறுத்தன. குரோம் உலாவி 2017இல் வெளியான 58ஆம் பதிப்பிலிருந்து அக்கட்டத்தைப் பார்ப்பதில்லை. வேறோர் இணைப்பிலுள்ள பெயரையே பார்க்கின்றது. கருவி இன்றும் அவ்வினாவைக் கேட்கின்றது. மாணவரும் விடை எழுதுகின்றனர்.

விண்ணப்பத்திற் கையொப்பமிடுபவர் யார் என்பதே அடுத்த பிரச்சினை. காணி உறுதியொன்றை எடுத்துக்கொள்வோம். எழுதியவரும் வாங்கியவரும் ஒப்பமிட்டாற் போதாது. நொத்தாரிசு ஒருவரின் ஒப்பமும் முத்திரையும் வேண்டும். நொத்தாரிசை அறியாதவர் அவரை நியமித்த அதிகாரத்தை நம்புவர். இணையத்தின் சான்றளிக்கும் நிறுவனங்களும் இவ்வாறே இயங்குகின்றன. ஒரு தளத்தின் சான்றிதழில் இடைநிலை நிறுவனம் ஒப்பமிட, அதற்கு மூல நிறுவனம் ஒப்பமிட, மூல நிறுவனத்தை உலாவி தன் பட்டியலில் ஏற்றுக்கொண்டிருக்கும். அம்மூலச் சான்றிதழுக்கு ஒப்பமிட்டவர் யார் எனப் பார்த்தால் அது தானேதான். தன் முத்திரையைத் தானே மெய்ப்பிக்கும் இடத்தில் சங்கிலி முடிகின்றது. ஓப்பின் எஸ்.எஸ்.எல். கருவியை வைத்து எந்த மாணவனும் அரை மணி நேரத்தில் இத்தகைய மூல நிறுவனமொன்றைத் தன் மேசைமீது நிறுவிவிடலாம். கணித அளவில் அவன் சான்றிதழுக்கும் பெருநிறுவனத்தின் சான்றிதழுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு உலாவியின் பட்டியலில் மட்டுமே உள்ளது. நம்பிக்கை என்பது கணிதத்துக்கு வெளியே தீர்மானிக்கப்படுவது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி வேறில்லை.

நொத்தாரிசு என்ற சொல்லை இலங்கைத் தமிழுக்குத் தந்தவர் ஒல்லாந்தர். அதே ஒல்லாந்தில், நொத்தாரிசுமாரின் ஆதரவுடன் 1998இல் தொடங்கப்பட்ட டிஜிநொற்றார் என்னும் நிறுவனம் சான்றளிக்கும் தொழிலைச் செய்துவந்தது. 2011ஆம் ஆண்டு அதன் கணனிகளுட் புகுந்தோர் ஐந்நூறுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை அதன் முத்திரையுடன் ஆக்கிக்கொண்டனர். கூகிளின் பெயரிலான சான்றிதழும் அவற்றுள் ஒன்று. அதனைக் கொண்டு ஈரானிலிருந்த இலட்சக்கணக்கானோரின் தொடர்புகள் இடைமறிக்கப்பட்டன. மறைகுறியீட்டு முறை எதுவும் உடைக்கப்படவில்லை. ஒரு கணக்கும் தவறவில்லை. நொத்தாரிசின் முத்திரை களவுபோயிற்று, அவ்வளவே. உலாவிகள் தம் பட்டியலிலிருந்து அந்நிறுவனத்தை நீக்கின. அதே ஆண்டு செப்ரெம்பரில் அது வங்குரோத்தானது.

நூலகத்தின் உள்ளேயே நேர்ந்த விபத்துக்கள் இரண்டை இனி நோக்கலாம். முதலாவது டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் நேர்ந்தது. நினைவகத்தைத் துருவும் சோதனைக் கருவியொன்று, ஓப்பின் எஸ்.எஸ்.எல். தொடக்கப் பெறுமானம் அளிக்கப்படாத நினைவகத்தைப் படிக்கின்றது என முறையிட்டது. டெபியனிற் பொதியைப் பராமரித்தவர் அம்முறைப்பாட்டுக்குக் காரணமான வரிகளைத் தேடினார்; நூலகத்தாரிடமும் வினவினார்; தெளிவான மறுப்பு வரவில்லை. 2006ஆம் ஆண்டு அவர் இரண்டு இடங்களில் ஒரே வடிவமான வரியை நீக்கினார். ஓரிடத்தில் அது நீங்கியதாற் பெருந்தீங்கு இல்லை. மற்றைய இடத்திலோ, எழுமாற்றுத் தன்மையை எண்ணாக்கிக்குள் கலக்கும் வரியே அது. அது போனபின் திறப்புக்கு எஞ்சிய எழுமாற்று மூலம் செய்முறையின் இலக்கம் ஒன்றே. அது 32,768க்குள் அடங்கும் ஓர் எண். 617 இலக்கப் பேரெண்ணை ஊகிக்க வேண்டியதில்லை; ஒரு வகைக் கணனியில் ஒரு குறித்த நீளமுடைய திறப்பெனில், முப்பத்தீராயிரத்துச் சொச்சத் திறப்புக்களை ஒவ்வொன்றாய் இட்டுப் பார்த்தாற் போதும்.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போருக்கு இவ்வகைத் தவறு புதிதன்று. பொருள் விளங்காத அடியை இடைச்செருகல் எனக் கருதிப் பதிப்பாசிரியர் நீக்கிவிட, அந்த அடியிலேயே நூலின் உயிர் இருந்தமை பின்னர் தெரியவருவதுண்டு. நீக்கியவரின் அறியாமையை மாத்திரம் குறைகூறுதல் நியாயமாகாது. அவ்வரி ஏன் அங்கு இருக்கின்றது என்று ஒரு சொல் உரை எழுதிவைக்காத மூல ஆசிரியருக்கும் அதிற் பங்குண்டு. இப்பாடபேதம் 2008 மே 13ஆந் திகதி வெளிப்படுத்தப்படும்வரை ஏறத்தாழ இருபது மாதங்கள் எவர் கண்ணிலும் படவில்லை. அதனைக் கண்டவர் லூசியானோ பெல்லோ. அக்காலத்தில் ஆக்கப்பட்ட திறப்புக்கள் அனைத்தையும் எறிந்துவிட்டுப் புதியன ஆக்கவேண்டியதாயிற்று.

இரண்டாவது விபத்து உலகறிந்தது. தொடர்பு நீடிக்கும்போது மறுமுனை உயிருடன் இருக்கின்றதா என அறிவதற்கு ‘இதயத்துடிப்பு’ என்னும் வசதி வகுக்கப்பட்டது. ஒரு முனை சில எழுத்துக்களை அனுப்பி, இத்தனை எழுத்துக்கள் அனுப்பியுள்ளேன், திருப்பித் தருக என்று கேட்கும். மறுமுனை அவ்வாறே திருப்பும். ஜேர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வுசெய்துகொண்டிருந்த ஒருவர் இவ்வசதியை எழுதியளித்தார். நூலகத்தின் உறுப்பினர் ஒருவர் பார்வையிட்டு, 2011 டிசெம்பர் 31ஆந் திகதி இரவு, புத்தாண்டு பிறக்கச் சற்று முன்னர், அதனைச் சேர்த்துக்கொண்டார். 2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்பில் அது உலகெங்கும் பரந்தது. அனுப்புபவர் கூறும் எண்ணிக்கையும் அனுப்பிய எழுத்துக்களும் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்க்கும் வரி அதில் இல்லை. நான்கு எழுத்தை அனுப்பி அறுபதினாயிரம் என்று சொன்னால், சேவையகம் அந்நான்கையும் அதன் பக்கத்தே நினைவகத்திற் கிடந்த எஞ்சியவற்றையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. ஒரு முறைக்கு 64 கிலோபைற் வரை. எத்தனை முறையும் கேட்கலாம். அள்ளியதில் பிறரின் கடவுச்சொல் இருக்கலாம். சேவையகத்தின் தனித் திறப்பே இருக்கலாம். கேட்டதற்கான தடயமும் பதிவேட்டில் இராது.

கூகிளைச் சேர்ந்த நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடினொமிக்கன் நிறுவனத்தாரும் இதனைத் தனித்தனியே கண்டனர். 2014 ஏப்ரில் 7ஆந் திகதி, குருதி வடியும் இதயம் என்ற பொருளில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிட்டு அது அறிவிக்கப்பட்டது. இணையச் சேவையகங்களைக் கணக்கெடுக்கும் நெற்கிராவ்ற் நிறுவனம், ஏறத்தாழ ஐந்து இலட்சம் தளங்கள் ஆபத்துக்குள்ளானவை என மதிப்பிட்டது. கனடாவின் வருமான வரித் திணைக்களத்திலிருந்து தொள்ளாயிரம் பேரளவில் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் களவாடப்பட்டன. நூலகத்தைப் புதுப்பிக்கச் சோம்பியிருந்து, பழைய 0.9.8 பதிப்பையே வைத்திருந்தோர் தப்பினர் என்பது இதன் கசப்பான நகைச்சுவை.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்நிரல் யாவரும் படிக்கக்கூடிய இடத்தில் திறந்தே கிடந்தது. பார்க்கும் கண்கள் பல இருந்தாற் பிழைகள் மறைந்திருக்கா என்று திறந்த மூல இயக்கத்தார் கூறிவந்தனர். இக்கூற்றுப் பிழையன்று, ஆனால் அதில் ஒரு நிபந்தனை விடுபட்டிருந்தது. கண்கள் இருப்பது வேறு, பார்ப்பது வேறு. நிரல் திறந்திருக்கின்றதாகையால் யாரோ படித்திருப்பர் என ஒவ்வொருவரும் நம்பினர். அந்த யாரோ ஒருவர் இருக்கவில்லை.

யார் படித்திருக்கவேண்டும் என்ற வினா உழைப்பைப் பற்றிய வினாவாக உடனே மாறிவிடுகின்றது. அக்காலத்தில் ஓப்பின் எஸ்.எஸ்.எல். பணியில் முழுநேரமாக ஈடுபட்டிருந்தவர் ஒருவரே. நன்கொடையாக ஆண்டொன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டாயிரம் டொலர். ஒப்பந்த வேலைகளாற் கிடைத்த வருவாய் கொண்டே அவர்கள் காலங்கடத்தினர். ஒப்பந்தக்காரர் பணங் கொடுத்தது தமக்கு வேண்டிய புதிய வசதிகளுக்கேயன்றி, பழைய நிரலைப் படித்துத் திருத்துவதற்கன்று. உலகின் பெரும் செல்வந்த நிறுவனங்கள் இந்நூலகத்தைத் தம் வணிகத்தின் அத்திவாரமாக வைத்திருந்தன. அதனை உரிமத்திற்கமையவே செய்தன. சட்டப்படி எவரும் எதையும் கடன்படவில்லை. ஊர்க் கிணற்றில் எல்லோரும் அள்ளிக் குடிக்க, தூர்வாரும் வேலை ஒருவனின் தலையில் விழுவதைச் சட்டம் தடுப்பதில்லை. இலவசமாகக் கிடைப்பது உழைப்பின்றி விளைந்தது என்ற மயக்கமே இங்கு வேலைசெய்தது. ஆக்கியோரின் தவறு இதில் இல்லையா எனின், உண்டு. சரிபார்க்கும் வரி விடுபட்டது அவர்களின் தவறே. ஆனால் நள்ளிரவில் ஒருவர் எழுத ஒருவர் மட்டும் பார்த்துச் சேர்க்கும் நிலைக்கு அந்நூலகத்தை விட்டுவைத்திருந்தோர் எண்ணற்றோர்.

விபத்தின் பின் பணம் வந்தது. லினக்ஸ் நிறுவகத்தின் கீழ் பெரு நிறுவனங்கள் இணைந்து நிதியமொன்றை அமைத்து, முழுநேர ஆக்குநர் இருவருக்கு ஊதியம் வழங்க முன்வந்தன. வேறு சிலர் பணத்தினால் தீராத நோய் இது எனக் கருதினர். ஓப்பின் பி.எஸ்.டி. குழுவினர் மூலநிரலைப் பிரித்தெடுத்து லிப்றி எஸ்.எஸ்.எல். என்ற தனி நூலகத்தைத் தொடங்கி, வழக்கொழிந்த கணனிகளுக்காக எழுதப்பட்டவை முதலியவற்றைக் களைந்தனர். முதல் வாரத்தில் மட்டும் தொண்ணூறாயிரம் வரிகள் வெட்டப்பட்டன. கூகிள் தன் தேவைக்கெனப் போறிங் எஸ்.எஸ்.எல். என்பதை அதே ஆண்டு பிரித்துக்கொண்டது. பெயரின் பொருள் ‘அலுப்பூட்டும்’ என்பது. இத்துறையில் இதைவிடச் சிறந்த பெயர் அரிது. மூல நூலகமும் தன்னைத் திருத்திக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்தையும் பிறர் பார்வையிடவேண்டும் என்ற விதி இறுக்கமாக்கப்பட்டது. பழைய இரட்டை உரிமத்தைப் பொதுவழக்கிலுள்ள அப்பாச்சி உரிமமாக மாற்றுவதற்காக, முன்னர் நிரல் அளித்த ஏறத்தாழ நானூறு பேரைத் தேடி ஒப்புதல் கேட்கவேண்டியிருந்தது. 2021 செப்ரெம்பரில் 3.0 பதிப்பு அவ்வுரிமத்துடன் வெளிவந்தது. பிறிஸ்பேனில் தொடக்கத்திற் பணியாற்றிய ரிம் ஹட்சன், பிற்காலத்தில் இத்திட்டத்தின் நிருவாகக் குழுவில் மீண்டும் இடம்பெற்றார்.

ஆயினும் ஒருவரின் தோளில் உலகை ஏற்றும் வழக்கம் ஒழிந்ததாகக் கொள்ள முடியாது. 2024 மார்ச்சில், எக்ஸ்.செற். என்னும் சுருக்கக் கருவியின் தனித்த பராமரிப்பாளரிடம் ஆண்டுக்கணக்காக உதவியாளர்போற் பழகி உரிமை பெற்ற ஒருவர், அதனுள் கள்ளக் கதவொன்றை வைத்தமை வெளிப்பட்டது. அக்கதவு தொற்றி நின்ற இடம் ஓப்பின் எஸ்.எஸ்.எல். நூலகத்தின் செயற்கூறொன்றே. தொலைவிலுள்ள கணனியுட் புகும்போது வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதை அன்ட்றெஸ் ஃபிறொயின்ட் என்னும் பொறியியலாளர் கவனித்துத் துருவியமையால் அது பிடிபட்டது. அவர் இதற்கென நியமிக்கப்பட்டவரல்லர்.

சான்றிதழ் வழங்கும் முறையும் இதற்கிடையில் மாறிவிட்டது. 2015 டிசெம்பரில் எவருக்கும் திறந்துவிடப்பட்ட லெற்ஸ் என்கிறிப்ற் என்னும் இலாபநோக்கற்ற சேவை, பணமின்றி, மனிதக் கை படாமல், தொண்ணூறு நாட்களுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ்களை வழங்கத் தொடங்கிற்று. நீண்ட ஆயுளுடைய சான்றிதழ் களவுபோனால் நீண்ட காலம் தீங்கு செய்யும் என்ற கருத்து வலுத்து, 2025 ஏப்ரிலில் உலாவி நிறுவனங்களும் சான்றளிக்கும் நிறுவனங்களும் எடுத்த முடிவின்படி, 2029 மார்ச்சில் எந்தப் பொதுச் சான்றிதழும் நாற்பத்தேழு நாட்களுக்கு மேல் வாழாது. அதே மாதம் வெளிவந்த ஓப்பின் எஸ்.எஸ்.எல். 3.5, குவாண்டம் கணனிகள் தோன்றினாலும் உடையா எனக் கருதப்படும் புதிய முறைகளை ஏற்றுக்கொண்டது. முதன்மை எண்களைச் சல்லடையிடும் பழைய வேலை அவற்றுக்கு வேண்டா. நாற்பத்தேழு நாளுக்கு ஒருமுறை எந்த மனிதரும் அமர்ந்து நாடு எது, மாநிலம் எது என்ற வினாக்களுக்கு விடையளிக்கப் போவதில்லை. இயந்திரம் இயந்திரத்திடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அவ்வாறு பெறப்படும் சான்றிதழ்களைக் கருவியில் இட்டுப் படிப்பவர், உரியவரின் நாடோ நிறுவனமோ அவற்றில் எழுதப்படாமையைக் காண்பர். தளத்தின் பெயர் இருக்கும். தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் இருக்கும்.